"பெருக்கணுமா, வகுக்கணுமா சார்?" என்று பிள்ளை கேட்டால் தவறு பிள்ளையிடம் இல்லை

நீளமான பதிவு. தொடக்கப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர்களும், வீட்டில் 3, 4, 5ஆம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கிறவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். மற்றவர்கள் தாண்டிப் போகலாம், வருத்தமில்லை.

ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சார்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான்கு வண்ணக் கட்டங்கள். "மொத்தம், ஆக, சேர்த்து" என்று வந்தால் கூட்டு. "மீதி, வித்தியாசம்" என்று வந்தால் கழி. "மடங்கு" என்று வந்தால் பெருக்கு. "சமமாக, பங்கு, ஒவ்வொருவருக்கும்" என்று வந்தால் வகு. கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். "அருமை சார்", "நாளைக்கே வகுப்பில் ஒட்டிவிடுகிறேன் டீச்சர்" என்று பாராட்டுகள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழ்க்கைக் கணக்கை வாசிக்காமலே தப்பிப்பது எப்படி என்பதைத்தான் அந்த சார்ட் கற்றுக்கொடுக்கிறது. அதுவும் வகுத்தலில் அது செய்கிற கேடு மற்ற மூன்றையும் விட அதிகம். 37 வருடம் சாக்பீஸ் பிடித்த கையால் எழுதுகிறேன். கோபமாகத் தெரிந்தால் கோபம்தான்.

முதலில் அந்த சார்ட்டைச் சோதித்துப் பார்ப்போம். நம்ம புளியங்குடிக்குத் தெரிந்த பொருளையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "பாட்டி 6 பைகளில் சமமாக எலுமிச்சம்பழம் நிரப்பினார். ஒரு பையில் 8 பழம். பாட்டி நிரப்பிய பழங்கள் எத்தனை?" சார்ட் படித்த பிள்ளை "சமமாக" என்பதைப் பார்த்ததும் 8ஐ 6ஆல் வகுக்கத் தொடங்கும். விடை 48.

இரண்டு: "மொத்தம் 72 பழங்கள். ஒரு பைக்கு 9 பழம் போட்டால் எத்தனை பை வேண்டும்?" "மொத்தம்" என்று இருக்கிறது. 72ஐயும் 9ஐயும் கூட்டி 81 என்று எழுதும். 72 பழத்துக்கு 81 பை!

மூன்று: "அண்ணன் தன் பங்கு 15 பழத்தை எடுத்துக்கொண்ட பிறகு கூடையில் 45 பழம் இருந்தது. முதலில் எத்தனை இருந்தது?" "பங்கு" வந்துவிட்டது. 45ஐ 15ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3 வருகிறது. பிள்ளை சந்தோஷமாக 3 என்று எழுதும். 45 பழம் கண்ணெதிரே இருக்கும்போது முதலில் 3 பழம் இருந்தது என்று எழுதுகிறோமே என்று அது யோசிக்காது. யோசிக்க வேண்டாம் என்றுதானே சார்ட் சொல்கிறது!

நான்கு: "50 பழத்தை 8 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் மீதி எத்தனை?" இங்கே "மீதி" இருக்கிறது, "சமமாக"வும் இருக்கிறது. கழிப்பதா, வகுப்பதா? 50இல் 8 போனால் 42 என்று எழுதும் பிள்ளையிடம், "மீதி என்றால் கழி என்று நீங்கதானே சொன்னீங்க" என்று கேட்கும் நியாயம் இருக்கிறது. நம்மிடம் பதில் இருக்கிறதா?

நான்கு சாதாரணக் கணக்குகள். நான்கிலும் சார்ட் தோற்கிறது. பிறகு எப்படி அது "வேலை செய்கிறது" என்று ஆசிரியர்கள் நம்புகிறார்கள்? காரணம் எளிது. வகுத்தல் என்று தலைப்புப் போட்ட பயிற்சியில் இருக்கும் எல்லாக் கணக்கும் வகுத்தல் கணக்குதான். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் போதும், கணக்கை வாசிக்கவே வேண்டாம். சார்ட் இல்லாவிட்டாலும் விடை வந்திருக்கும். தலைப்பு இல்லாமல், நான்கு செயலையும் கலந்து பத்துக் கணக்குக் கொடுத்துப் பாருங்கள். அப்போதுதான் அந்தக் குரல் கேட்கும்: "கூட்டணுமா, கழிக்கணுமா, பெருக்கணுமா, வகுக்கணுமா சார்?"

இந்தக் கேள்வி உலகம் முழுவதும் உள்ள கேள்வி. 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபில் நகரத்தில் ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு கணக்குப் போட்டு வயது சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. இரண்டு எண் கொடுத்தால் ஏதாவது செய்து ஒரு விடை எழுத வேண்டும் என்ற பள்ளிக்கூட விதியை நன்றாகக் கற்றவர்கள்.

சரி, குறை சொல்வது சுலபம், வழி என்ன என்று கேட்பீர்கள். வழி நம் மொழியிலேயே இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வகுத்தலில் இரண்டு வகைச் சூழ்நிலை உண்டு.

"24 பழத்தை 4 பேருக்குச் சமமாகக் கொடு. ஆளுக்கு எத்தனை?" இது பங்கிடுதல். எத்தனை பேர் என்று தெரியும், ஒருவருக்கு எவ்வளவு என்று தெரியாது.

"24 பழத்தை ஆளுக்கு நாலு நாலாகக் கொடு. எத்தனை பேருக்கு வரும்?" இது கூறு கட்டுதல். ஒரு கூறு எவ்வளவு என்று தெரியும், எத்தனை கூறு என்று தெரியாது.

இரண்டுக்கும் நாம் எழுதுவது 24 ÷ 4 = 6 என்றுதான். ஆனால் முதல் 6 பழம், இரண்டாவது 6 ஆள். கையால் செய்கிற வேலையும் வேறு. முதலாவதில் நாலு பேரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்துக்கொண்டே போக வேண்டும். இரண்டாவதில் குவியலிலிருந்து நாலு நாலாக அள்ளி எடுத்து, எத்தனை தடவை அள்ளினோம் என்று எண்ண வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பெரியவர்கள் களத்திலும் வீட்டிலும் தினம் கையாண்டார்கள். பண்டிகைக்கு வந்த பலகாரத்தை ஐந்து பிள்ளைகளுக்குச் சுற்றி வைப்பது பங்கிடுதல். களத்தில் நெல் குவியலை மரக்காலால் அள்ளி அள்ளி, முதல் மரக்காலுக்கு "லாபம்" என்று சொல்லி, பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்களே, அது கூறு கட்டுதல். ஒரு குவியலுக்குள் எத்தனை மரக்கால் இருக்கிறது? இதுவும் வகுத்தல்தான். அளப்பதே ஒரு வகையில் வகுப்பதுதான். பள்ளிக்கூடத்தில் நாம் பங்கிடுதலை மட்டும் வகுத்தல் என்று காட்டிவிட்டு, பயிற்சியில் அளக்கும் கணக்கைக் கொடுக்கிறோம். பிள்ளை திகைக்கிறது.

இப்போது தமிழைப் பாருங்கள். பங்கிடுதலுக்கு நாம் "க்கு" போடுகிறோம்: நாலு பேருக்கு, மூணு வீட்டுக்கு. கூறு கட்டுதலுக்கு எண்ணையே இரட்டிக்கிறோம்: நாலு நாலாக, அஞ்சஞ்சாக, பத்துப் பத்தாக. எழுத்து வழக்கில் நந்நான்கு, பப்பத்து என்று அதற்கென்று சொல்லே வைத்திருக்கிறோம். "ஆளுக்கு எத்தனை?" என்பது ஒரு கேள்வி, "எத்தனை ஆளுக்கு வரும்?" என்பது இன்னொரு கேள்வி. பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே ஐந்து வயதுப் பிள்ளை இந்த இரண்டையும் பேசுகிறது. "ரெண்டு ரெண்டா வை", "எனக்கும் அவனுக்கும் சமமா வை" என்று சொல்கிற பிள்ளைக்கு வகுத்தலின் இரண்டு வகையும் வாயில் இருக்கிறது. அந்தச் சொத்தை எடுத்து நடத்தினால் போதும். நாமோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு "சமமாக என்றால் வகு" என்று ஒரு வரி மந்திரத்தைக் கையில் கொடுக்கிறோம்.

"இரண்டு வகை என்பதெல்லாம் ஆசிரியர் பயிற்சிப் பாடத்துக்குத்தான் உதவும், பிள்ளைக்கு எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆறாம், ஏழாம் வகுப்பில் அதற்கான விலையைப் பிள்ளை கொடுக்கிறது. 3 ÷ ¼ என்று கரும்பலகையில் எழுதுங்கள். பங்கிடுதல் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இது அர்த்தமற்ற வாக்கியம். மூன்றைக் கால் பேருக்கு எப்படிப் பங்கு வைப்பது? "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று இன்னொரு மந்திரம் சொல்லித் தருவோம். விடை 12 என்று வந்ததும், "வகுத்தால் குறையத்தானே செய்யணும்?" என்று பிள்ளை குழம்பும். கூறு கட்டுதல் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள்: 3 லிட்டர் பாலை கால் கால் லிட்டராக ஊற்றினால் எத்தனை பாக்கெட்? 12 என்று வாயாலேயே சொல்லும். அதுதான் 3 ÷ ¼. நான்காம் வகுப்பில் போடாத அடித்தளம் ஏழாம் வகுப்பில் விரிசலாகத் தெரிகிறது.

அடுத்தது மீதி. வகுத்தல் வாழ்க்கைக் கணக்கின் உயிரே மீதியில்தான் இருக்கிறது. 26 ÷ 4 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஈவு 6, மீதி 2. நோட்டில் கட்டம் கட்டி முடித்துவிடுவோம். ஆனால்:

26 பிள்ளைகள் குற்றாலம் போகிறார்கள், ஒரு ஆட்டோவில் 4 பிள்ளைகள். எத்தனை ஆட்டோ? 7. மீதி 2 பேரை ரோட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது.

26 ரூபாய் இருக்கிறது, ஒரு மிட்டாய் 4 ரூபாய். எத்தனை வாங்கலாம்? 6. கடைக்கார அண்ணாச்சி மீதி 2 ரூபாய்க்கு அரை மிட்டாய் வெட்டித் தர மாட்டார்.

26 அடிக் கயிற்றை 4 சமத் துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவு? ஆறரை அடி. இங்கே மீதியே கிடையாது, அதையும் பங்கு போட்டுவிட்டோம்.

26 பழத்தை நாலு நாலாகப் பையில் போட்டுவிட்டு மிச்சத்தை ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டார் அம்மா. ஊறுகாய்க்கு எத்தனை? 2.

ஒரே 26, ஒரே 4. விடை 7, 6, ஆறரை, 2. எது சரி என்பதை எண் சொல்லாது, கதைதான் சொல்லும். கதையை வாசிக்காத பிள்ளை நான்குக்கும் "ஈவு 6, மீதி 2" என்று எழுதும்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. 1,128 படைவீரர்கள், ஒரு பேருந்தில் 36 பேர், எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்று விடை எழுதினார்கள். மீதி 12 பேருந்து என்றால் என்ன என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. 32 என்று சரியாகச் சொன்னவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. வகுக்கத் தெரிந்தும் கணக்குத் தெரியாமல் போனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் ஒவ்வொரு முறை கற்றல் அடைவு பற்றி அறிக்கை வந்ததும் நடப்பது வேறு. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் ஏசர் கணக்கெடுப்பு, கிராமப்புறப் பிள்ளைகளிடம் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்லிக் கேட்கிறது. அகில இந்திய அளவில் 5ஆம் வகுப்பில் அதைச் செய்ய முடிந்தவர்கள் 2022இல் 25.6 சதவீதம், 2024இல் 30.7 சதவீதம். பத்தில் மூன்று பேர். உடனே தலைப்புச் செய்தி, உடனே சுற்றறிக்கை, உடனே இன்னும் ஐம்பது நீள்வகுத்தல் பயிற்சித் தாள். அது வெறும் எண் கணக்கு, அதில் கதையே இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பத்தில் மூன்று பேரிடமும் ஆட்டோ கணக்கைக் கொடுத்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?

மறுபக்கத்தையும் பாருங்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டவர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து, 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஆய்வு வெளியிட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1 கிலோ 400 கிராம் என்று வாங்கினால், பேப்பர் இல்லாமல் காசு சரியாகச் சொல்கிறார்கள். அதே பிள்ளைகளிடம் பள்ளிக்கூடப் பாணியில் வகுத்தல் கொடுத்தால் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இது தலைகீழ். தாளில் போடத் தெரிந்த அவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். 1985இல் பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காய் விற்ற பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வும் இதையேதான் சொன்னது.

இதற்குக் கொல்கத்தாவுக்கோ பிரேசிலுக்கோ போக வேண்டியதில்லை. நம்ம ஊரை எலுமிச்சை நகரம் என்று சொல்கிறார்கள். மார்க்கெட்டில் இருந்து கேரளாவுக்கு மூட்டை மூட்டையாகப் போகிறது. அந்த மூட்டை தூக்குகிறவர், தரம் பிரிக்கிற அம்மா, தெருவில் கூறு போட்டு விற்கிற ஆச்சி, இவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் நம் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். "10 ரூபாய்க்கு மூணு பழம்னா 50 ரூபாய்க்கு எத்தனை?" என்றால் "பதினஞ்சு" என்று கேட்டு முடிப்பதற்குள் சொல்கிற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளை கரும்பலகைக் கணக்கின் முன் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதன் பெயருக்கு நேரே பதிவேட்டில் "மெல்லக் கற்பவர்" என்று எழுதியிருக்கும்.

மெல்லக் கற்பவரா? சந்தையில் வேகமாகக் கற்றவர் பள்ளியில் மட்டும் எப்படி மெல்லக் கற்பவர் ஆனார்? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கையும் கரும்பலகைக் கணக்கையும் இணைத்துப் பாலம் போடுவது யார் வேலை? அதற்குத்தானே நமக்குச் சம்பளம் கொடுத்தார்கள்! என் கோபத்தின் அடி இங்கேதான் இருக்கிறது. சார்ட்டால் நஷ்டப்படுவது டியூஷன் போகும் பிள்ளை இல்லை. அதற்கு வீட்டில் யாராவது விளக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் நம்பி வருகிற பிள்ளைதான் "எனக்குக் கணக்கு வராது" என்று பத்து வயதில் முடிவு கட்டிக்கொள்கிறது. பிறகு பின்னம், விகிதம், சதவீதம், வட்டி எதுவும் ஏறாது. வளர்ந்த பிறகு வாரத் தவணைக் கடன் வாங்கும்போது, மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடும்.

இனி, வகுப்பில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். செலவில்லாதது. நம்ம ஊரில் பஞ்சமே இல்லாத புளியமுத்து இரண்டு கைப்பிடி போதும்.

முதலில் எண்ணே இல்லாமல் கதை சொல்லுங்கள். "ஒரு ஆச்சியிடம் கொஞ்சம் பழம் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுத்தார்." இவ்வளவுதான். இதில் என்ன கேள்வி கேட்கலாம், விடை சொல்ல இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். எண் இல்லாததால் பிள்ளை பாய்ந்து கணக்குப் போட முடியாது. கதையைத்தான் யோசித்தாக வேண்டும்.

அடுத்து, ஒரே எண்ணில் இரட்டைக் கணக்கு. 24 புளியமுத்து. ஒரு வரிசைக்கு "நாலு பேருக்கு", அடுத்த வரிசைக்கு "நாலு நாலாக". இரண்டு வரிசையும் கையால் செய்து முடித்த பிறகு, என்ன வேறுபாடு என்று அவர்கள் வாயால் சொல்லவையுங்கள். நாம் சொல்லக் கூடாது.

மூன்றாவது, தாளில் படம். வட்டம் போடட்டும், கோடு போடட்டும். படம் போட முடியாத பிள்ளைக்குக் கதை புரியவில்லை என்று அர்த்தம். அங்கேயே கண்டுபிடித்துவிடலாம், தேர்வு வரை காத்திருக்க வேண்டாம்.

நான்காவது, விடை முழு வாக்கியமாக வேண்டும். "6" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. "ஒவ்வொருவருக்கும் 6 பழம் கிடைக்கும்", "7 ஆட்டோ வேண்டும்". வாக்கியம் எழுதும்போதுதான் "மீதி 12 பேருந்து" என்கிற அபத்தம் கண்ணில் படும்.

ஐந்தாவது, பிள்ளைகளே கணக்கு உருவாக்கட்டும். "24 ÷ 4க்கு ஒரு கதை சொல்லு." பத்துப் பிள்ளைகளும் பங்கிடும் கதையே சொன்னால் நாம் பாதிதான் நடத்தியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் நீள்வகுத்தல். அதையும் ரூபாய் நோட்டில் தொடங்குங்கள். 432 ரூபாயை 3 பேருக்குப் பங்கிட வேண்டும். நாலு நூறு ரூபாய்த் தாள், மூணு பத்து, ரெண்டு ஒரு ரூபாய். ஆளுக்கு ஒரு நூறு. ஒரு நூறு மிச்சம். அதைப் பத்துப் பத்து ரூபாயாகச் சில்லறை மாற்றினால், முன்னாலிருந்த மூணோடு சேர்ந்து பதின்மூன்று பத்து. ஆளுக்கு நாலு, மிச்சம் ஒன்று. அதையும் சில்லறை மாற்றினால் ஒரு ரூபாய் பன்னிரண்டு. ஆளுக்கு நாலு. ஆக ஆளுக்கு 144. நாம் "இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது சில்லறை மாற்றுவதுதான் என்று அப்போது புரியும்.

816 ÷ 8க்கு 12 என்று எழுதாத வகுப்பு உண்டா? நடுவில் பூஜ்யம் விட்டுப்போகும். "பூஜ்யம் போடு" என்று ஆயிரம் தடவை கத்தியும் பயனில்லை. நோட்டில் செய்தால் கத்த வேண்டாம். எட்டு நூறை எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தாயிற்று. ஒரே ஒரு பத்து ரூபாய், எட்டுப் பேருக்குக் கொடுக்க முடியாது. யாருக்கும் பத்து ரூபாய் இல்லை. அதுதான் அந்தப் பூஜ்யம். சில்லறை மாற்றினால் பதினாறு, ஆளுக்கு ரெண்டு. 102. ஆளுக்கு நூறு ரூபாய் கையில் வாங்கிய பிறகு எந்தப் பிள்ளையாவது 12 என்று எழுதுமா?

இதற்கு வழக்கமாக வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும்.

"நேரம் எங்கே சார் இருக்கு?" நியாயமான கேள்வி. எண்ணும் எழுத்தும் 2022-23இல் 1 முதல் 3 வரை வந்தது, அடுத்த ஆண்டு 4, 5க்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பயிற்சி நூல் முடித்து, செயலியில் மதிப்பெண் ஏற்றி, நடுவில் ஆதார் வேலை, கணக்கெடுப்பு வேலை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பு. நான் மறுக்கவில்லை. அந்தத் திட்டத்தில் பாட்டும் துணைக்கருவியும் வந்ததை வரவேற்கிறவன் நான். ஆனால் நேரமில்லை என்பதற்காக ஒரு நாளில் இருபது கணக்கு வேகமாகப் போடுவதை விட, இரண்டு கணக்கை முழுதாகப் பேசுவது மிச்சம். இருபதும் மறுநாள் மறந்துபோகிறதே, அந்த நேரம் எந்தக் கணக்கில் சேர்த்தி?

"வாய்பாடே தெரியாத பிள்ளைக்கு வாழ்க்கைக் கணக்கா?" வாய்பாடு வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பரம்பரை நாம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் எண்சுவடியோடு நிற்கவில்லை, கணக்கதிகாரம் போன்ற நூல்களில் நிலம், நெல், பொன் என்று வாழ்க்கைக் கணக்கும் இருந்தது. வாய்பாடு வந்த பிறகுதான் கணக்கு என்று காக்கவைத்தால், சில பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடியும் வரை காத்துக்கொண்டே இருப்பார்கள். 96 பழத்தை எட்டெட்டாகக் கட்டத் தெரிய 8ஆம் வாய்பாடு முழுதும் வேண்டாம். பத்துக் கூறுக்கு 80 போச்சு, மிச்சம் 16, அது ரெண்டு கூறு, ஆக 12 கூறு. இப்படிச் செய்யச் செய்ய வாய்பாடு தானாக ஒட்டும்.

"மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காவது சார்ட் உதவாதா?" இதுதான் எனக்கு அதிகம் வலிக்கும் மறுப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் புரிதல், தடுமாறுகிற பிள்ளைக்கு மந்திரம் என்று நாமே பிரித்து வைத்தால், அந்தப் பிள்ளை எந்தக் காலத்தில் மேலே வரும்? ஏற்கெனவே வாசிக்கத் தடுமாறும் பிள்ளையிடம் "நீ முழுதாக வாசிக்க வேண்டாம், ஒரு சொல்லைத் தேடு போதும்" என்று சொல்வதா உதவி? கணக்கை வாய்விட்டு இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள், பேச்சுத் தமிழில் சொல்லுங்கள், புளியமுத்தைக் கையில் கொடுங்கள். அதுதான் உதவி.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பார்வைக்கு வரும்போது நோட்டில் எத்தனை கணக்கு என்று எண்ணாதீர்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "இதை ஏன் வகுத்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "சமமாகன்னு இருக்கு சார்" என்று பதில் வந்தால் அந்த வகுப்புக்கு உதவி தேவை. "எட்டெட்டா எடுத்தா எத்தனை தடவை எடுக்கலாம்னு கேட்டிருக்கு சார்" என்று வந்தால், அந்த ஆசிரியருக்குக் கை கொடுத்துவிட்டு வாருங்கள்.

பெற்றோருக்கு இன்று ராத்திரிக்கு வீட்டுப்பாடம் தருகிறேன். பழைய பழக்கம், விடவில்லை. சாப்பிடும்போது பிள்ளையிடம் இந்த மூன்றையும் வாயால் கேளுங்கள். பேப்பர், பென்சில் வேண்டாம்.

1. 30 இட்லியை 6 பேருக்குச் சமமாக வைத்தால் ஆளுக்கு எத்தனை?

2. 30 இட்லியை ஆளுக்கு ஆறு ஆறாக வைத்தால் எத்தனை பேர் சாப்பிடலாம்?

3. ஒரு தட்டில் 7 இட்லிதான் அவிக்க முடியும். 30 இட்லிக்கு எத்தனை தட்டு வேண்டும்?

விடை சரியா தவறா என்று உடனே சொல்லாதீர்கள். "எப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பிள்ளை என்ன சொன்னது என்பதை அப்படியே, அதன் பேச்சிலேயே, கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படித்துப் பதில் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவன்தானே, நேரம் இருக்கிறது.